பெரிய துரையின் உத்தரவு

பெரிய துரையின் அறை வாசலில் பினாயில் கலந்த தண்ணீர் ஒரு பீங்கான் தொட்டியில் இருக்கும். எவ்வளவு பெரிய அதிகாரி ஆனாலும் அதில் கை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கல்கத்தாவில் பிளேக் பரவியிருந்த காலம். விக்டோரியா மகாராணி காலத்து மனிதரான துரை, எங்கள் பாங்குக்கும் நகரத்துப் பிளேக் கமிட்டிக்கும் தலைவர். ஹவுராவுக்கு அப்பால் சொந்தச் செலவில் ஆஸ்பத்திரிக் கொட்டகை போட்டவர். நான் அவருடைய ஸ்டெனோ. நோய் கண்டவர்களைக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் உத்தரவுகளை அவர் சொல்லச் சொல்லக் குறித்து டைப் அடித்துக் கொடுப்பேன். "ஒருத்தருக்கு விலக்குக் கொடுத்தால் ஊரே செத்தது" என்பார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்தவன் வீட்டுக்குப் போகிற உத்தரவுக்கு நியாயம் பேச என்ன கஷ்டம்!

ஒருநாள் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் அக்குளில் பிளேக் நெறி கட்டிவிட்டது. கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வங்காள பாஷை ஒரு வார்த்தை தெரியாது. "என்னை அந்தக் கொட்டகைக்கு மட்டும் அனுப்பிடாதேங்கோ. அங்கே யார்கிட்ட தமிழ்ல தண்ணி கேப்பேன்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஆபீஸ் போனேன்.

போனவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? என்னிடம் பிரியமானவர், நல்ல டாக்டரை வீட்டுக்கே அனுப்புவார் என்று நம்பித் துரையிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "நோட்டை எடு" என்றார். டாக்டருக்குக் கடிதம் என்று நினைத்து எடுத்தேன், முட்டாள். அவர் வாயிலிருந்து எங்கள் பவானிபூர் வீட்டு விலாசம் வந்தது. மனைவியின் பெயரை என்னிடமே கேட்டார். சொன்னேன். டைப் அடித்தும் கொடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயமா, வெறும் பழக்கமா, இன்றுவரை தெரியவில்லை. நான்காம் நாள் கொட்டகையில் அவள் போய்விட்டாள். கடைசியில் தண்ணீர் கேட்டாளா என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

அதன்பின் தினமும், இந்த மனுஷன் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தபடியே அவர் எதிரில் உட்கார்ந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் முகம் வெளிறி வந்தார். "நோட்டை எடு" என்றார். தம்முடைய பங்களா விலாசத்தைச் சொன்னார். தம் மனைவியின் பெயரைச் சொன்னார். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அதே கொட்டகை. தனி அறை வேண்டாம்" என்று முடித்தார். அந்த அம்மாளும் திரும்பி வரவில்லை.

துரைக்கு இப்போது சிலை வைத்திருக்கிறார்கள். நேர்மையானவர் என்று கீழே பொறித்திருக்கிறார்கள், பொய்யில்லை. டிராம் அந்தப் பக்கம் போகும்போது நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அந்த அம்மாள் எனக்கு ஒரு தீங்கும் செய்தவள் இல்லை. அவள் பெயரை டைப் அடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.