ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளைகள்

தமிழ்ச்செல்வியின் மேசைப் போன் காலை பத்தேகாலுக்கு அடித்தது. 2006 செப்டம்பர், புதன்கிழமை. நாவலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், ஏழே பேர் வேலை செய்யும் வெப்சைட் கம்பெனி. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலை, பயிற்சிக்கு முந்நூறு பெண்களை எடுக்கப்போகிறது. அதற்கான பதிவுப் பக்கத்தை எழுதியவள் அவள்தான். உதவிக்கு என்று பக்கத்தின் அடியில் போட்டிருந்த நம்பரும் அவள் மேசைக்குத்தான் வரும்.

"அக்கா, நாலாவது தபா அமுக்குறேன். 'பிழை'ன்னு மட்டும் வருது. வேற இன்னாவும் வரல."

பேசியவள் வேண்டா என்ற பெண். ப்ளஸ் டூ முடித்தவள், சிங்கப்பெருமாள் கோயில் பிரவுசிங் சென்டரில் இருந்து பேசினாள். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணியோடு பதிவு முடிகிறது.

"எவ்ளோ நேரமா ஒக்காந்துகினு கீற?"

"ஒம்போதுல இருந்து. கடக்கார அண்ணாத்த எழுந்திரு, எழுந்திருன்றாரு."

"வூட்டுக்குப் போயிடாத. உன் நம்பரக் குடு, நானே கூப்புடுறேன்."

கம்பெனி முதலாளி லட்சுமணன் செங்கல்பட்டுக்காரர். நல்ல மனுஷன், பொறுமை மட்டும் கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தமிழு, லைவுலயே, ஜனங்க பாக்குற பக்கத்துலயே, எரரத் தொறந்து வுடு. இன்னா தப்புன்னு ஸ்க்ரீன்லயே வந்துடும். பாத்துட்டு மூடிக்கலாம். அஞ்சு நிமிசம்."

"முடியாதுண்ணா."

"ஏன்?"

"அந்த அஞ்சு நிமிசத்துல ஒரு பொண்ணு வெவரம் இன்னொரு பொண்ணு ஸ்க்ரீன்ல நிக்கும். மாமல்லபுரத்த மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியின் ரூம் புக்கிங் பக்கத்தில் கோளாறு. அவசரத்தில் லைவிலேயே கையை வைத்தாள். ஒரு வெள்ளைக்காரரின் பாஸ்போர்ட் நம்பர் வேறொருவர் கம்ப்யூட்டரில் பளிச்சென்று தெரிந்தது. பக்கம் அரை நாள் படுத்துக்கொண்டது. மறுநாள் தமிழ்ச்செல்வி பஸ் பிடித்துப் போய், விடுதி மேனேஜர் முன்னால் நின்று, "நான்தான் சார் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வந்ததும் மானிட்டரில் ஒரு சீட்டு ஒட்டினாள்: 'காப்பியில் உடை. காப்பியில் ஒட்டு. அப்புறம்தான் லைவ்.' எதையும் முதலில் நகலில் செய்து பார்த்துவிட்டுத்தான் நிஜப் பக்கத்தைத் தொட வேண்டும் என்று அர்த்தம்.

பத்தொன்பது வயதில், செங்கல்பட்டுக் கல்லூரியில்தான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்டவள் அவள். வீட்டில் எல்லோரும் நாற்று நடுகிறவர்கள். தினம் இரண்டு பஸ் மாறி வருகிறவள், அந்தச் சீட்டை ஒருநாளும் மீறியதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். லைவில் ஓடுவதை அப்படியே தன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்தாள். பதிந்திருந்த பெண்களின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் யாருடையது என்று தெரியாதபடி காப்பியில் மாற்றினாள். பிறகு கற்பனையாக இருபது பெண்களைப் பதிந்து பார்த்தாள். இருபது பேரும் ஜம்மென்று உள்ளே போனார்கள்.

"உன் பொண்ணுங்கல்லாம் பாஸு. நெசப் பொண்ணு மட்டும் ஃபெயிலு" என்றார் லட்சுமணன்.

பதிவு ஏன் தோற்றது என்ற காரணத்தை, வெளியில் யார் கண்ணிலும் படாமல், சர்வருக்குள் அவள் மட்டும் திறக்கக்கூடிய ஒரு ஃபைலில் எழுதி வைக்கும்படி இரண்டு வரி சேர்த்தாள். காப்பியில் ஓட்டிப் பார்த்து, பழையதைப் பத்திரப்படுத்தி, புதியதை லைவில் ஏற்றியபோது மணி பன்னிரண்டரை.

"வேண்டா, இன்னொரு தபா அமுக்கு."

ஃபைலில் ஒரே ஒரு வரி விழுந்தது. 'ஏற்கெனவே உள்ளது: முத்துசாமி, 1-6-1988', பிறகு ஒரு பின்கோடு.

அது தமிழ்ச்செல்வியே போட்ட பூட்டு. ஒரே பெண் பெயரை இங்கிலீஷில் மூன்று விதமாக எழுதி மூன்று முறை பதிந்துவிடக் கூடாது என்று, பெயரை விட்டுவிட்டு, அப்பா பெயர், பிறந்த தேதி, பின்கோடு மூன்றும் ஒத்துப்போனால் அது அதே ஆள்தான் என்று எழுதியிருந்தாள்.

"உங்கப்பா பேர்ல வேற யாரு பதிஞ்சாங்க?"

"சரோஜா. எந் தங்கச்சி. திங்கக்கெழமையே போட்டுட்டா."

"ரெட்டப் புள்ளைங்களா நீங்க?"

"இல்லக்கா. அவ என்னவிட ஒன்ற வருசம் சின்னது. ஒரே நாள்ல கூட்டிகினு போயி இஸ்கூல்ல சேத்தாரு எங்க நைனா. ஹெட்மாஸ்டரு ரெண்டு பேருக்குமே ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு."

தமிழ்ச்செல்வியின் சர்டிபிகேட்டிலும் ஜூன் இரண்டுதான். அவள் பிறந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் என்று அவள் அம்மா சொல்வாள். பள்ளி திறக்கிற நாளில் ஐந்து வயது நிரம்பட்டும் என்று வாத்தியார் போட்ட தேதி அது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். இதெல்லாம் தெரிந்தவள், கற்பனைப் பெண்களுக்கு மட்டும் வருஷம் முழுக்கப் பரவலாகப் பிறந்தநாள் கொடுத்திருக்கிறாள்.

"அந்தப் பூட்டயே கழட்டிப் போட்டுடு" என்றார் லட்சுமணன். "பேஜாரு தீந்துது."

"கழட்டினா ஒருத்தியே மூணு தபா பூந்துடுவா. இன்னொருத்தி எடம் போயிடும்ணா."

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நம்பர் விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருந்தது. அது ஒருத்திக்கு இருப்பது போல் இன்னொருத்திக்கு இருக்காது. காப்பியில் பூட்டை அதற்கு மாற்றினாள். அக்கா தங்கை இரண்டு பேரைப் பதிந்தாள், இருவரும் போனார்கள். தங்கையையே வேறு எழுத்தில் மறுபடி பதிந்தாள், அது தடுத்தது. பதிந்துவிட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் யாருக்காவது ஒரே மார்க் ஷீட் நம்பர் இருக்கிறதா என்றும் தேடினாள். இல்லை. முழுசாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டு லைவில் மாற்றி முடித்தபோது மூன்றரை.

வேண்டாவைக் கூப்பிட்டால், "எழுப்பி வுட்டாரு அக்கா, வெளிய நிக்கறேன், முன்னால ரெண்டு பேரு கீறாங்க" என்றாள்.

அந்த நேரத்தில் தமிழ்ச்செல்வி இன்னொன்றைப் பார்த்தாள். காரணத்தைக் குறிக்காவிட்டாலும் எண்ணிக்கையைச் சர்வர் குறித்து வைத்திருந்தது: மூன்று நாளில் அறுபத்தொரு தடவை 'பிழை' வந்திருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் போன் பண்ணாமலே வீட்டுக்குப் போனார்களோ.

"ஃபேக்டரிக்கு எழுதணும்ணா. ரெண்டு நாள் கூடக் குடுக்கச் சொல்லணும்."

"நம்ம தப்புன்னு நாமளே சொல்லிக்கினா அடுத்த வேல குடுப்பானா?"

"எழுதினது நான். எம் பேரப் போட்டே அனுப்புங்க."

லட்சுமணன் தானே உட்கார்ந்து மெயிலை அடித்தார். அவள் பெயரைப் போடவில்லை, 'நாங்கள்' என்றுதான் எழுதினார். இரண்டு நாள் தருகிறோம் என்று மறுநாள் காலையில்தான் பதில் வந்தது. அன்றைக்கு அது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

நாலு முப்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, வந்துச்சு. பதிவு நம்பர் கீது. எம் பேரும் கீது."

"படி."

வேண்டா ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பின்னால், "இன்னாமா, கடையே கேக்குற மாறி படிக்கற" என்று கடைக்காரர் குரல் கேட்டது.

"சும்மா இரு அண்ணாத்த" என்ற வேண்டா, மறுபடி முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். தமிழ்ச்செல்வி திரையில் அவளுடைய வரியைத் திறந்து, ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்துச் சரிபார்த்தாள். தங்கையின் வரி மேலே இருந்தது. இரண்டுக்கும் தேதி ஒன்றுதான்.