அமெனானின் மறுவுலகப் புருஷன்

பவுலே ஜனங்கள் ஒவ்வொருவருக்கும் மறுவுலகில் ஒரு துணை உண்டு. அந்தத் துணை கோபித்துக்கொண்டால் வீட்டில் நிம்மதி போய்விடும். மரத்தில் சிலை செய்து வைத்துத்தான் சமாதானப்படுத்த வேண்டும். சிற்பி யோபுவேயின் பிழைப்பே அதுதான். அபிஜான் நகரத்து ஆபீசர்கள் கேட்டால் சிலையின் கையில் செல்போன்கூட வைத்துக் கொடுப்பான்.

ஒருநாள் குறிகாரர் அவன் மனைவி அமெனானின் மறுவுலகப் புருஷனுக்கே சிலை வேண்டும் என்று சொல்லிவிட்டார். யோபுவேக்கு வயிறு எரிந்தது.

"நல்ல உயரமா, டை கட்டி, பளபளன்னு ஷூ போட்டிருக்கணும்," என்றாள் அமெனான்.

கேட்டதையெல்லாம் செதுக்கினான். கூடவே தன் தொப்பையையும் மடங்கிய இடது காதையும் நைசாகச் சேர்த்துவிட்டான்.

வாரத்தில் வெள்ளிக்கிழமைப் படுக்கை மறுவுலகப் புருஷனுக்கு. இந்த உலகத்துப் புருஷன் அன்றைக்கு வெளியே படுக்க வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை வந்ததும் யோபுவே மெல்ல ஆரம்பித்தான்.

"அவனும் நானும் ஒரே அச்சாத்தானே இருக்கோம். நானே உள்ள படுத்துக்கறேனே."

அமெனான் சிலையின் தொப்பையைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க வேலைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆனா இவரு குறட்டை விடமாட்டாரு. நீங்க பாயை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."