சிவப்புக் குறி போட்ட மாத்திரை அட்டை

1. ரிப்பீட் ஆல்

கனகம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை, தாள் மாதிரி வெளுத்திருந்தது. மலைக்கோயில் படிக்கட்டோரம் பூ விற்பவர், வயது அறுபத்தொன்று.

"நாலு நாளா கருப்பா போவுதும்மா, தாரு மாதிரி. நாலு படி ஏறினா கண்ணு இருட்டிக்கினு வருது."

திருத்தணியில் அந்தத் தனியார் கிளினிக்கில் நான் டாக்டராகச் சேர்ந்து மூன்றாவது மாதம். மலம் தார் போலப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். எதனால் என்று பார்க்க அவருடைய நோட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து: 'ரிப்பீட் ஆல்'.

பழைய மாத்திரைகள் எல்லாம் அப்படியே தொடரட்டும் என்று பொருள். அது எங்கள் கிளினிக் வழக்கம். சுகர், பிபி பேஷன்ட்டுகள் காலி மாத்திரை அட்டைகளைப் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். ஒரு பார்வை, ஒரு 'ரிப்பீட் ஆல்', அடுத்த ஆள். கனகம்மாவின் அட்டைகளில் ஒன்று ஆஸ்பிரின் 75, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. அவருக்கு இதயக் கோளாறு எதுவும் வந்ததில்லை. சுகர் இருக்கிறது, நாளைக்கு மாரடைப்பு வராமல் இருக்கட்டும் என்று யாரோ எட்டு வருடம் முன்பு ஆரம்பித்தது.

இதயநோய் வராதவர்களுக்கு இதனால் கிடைக்கும் லாபம் சொற்பம், வயதானவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் அந்த லாபத்தைத் தின்றுவிடும் என்று புதிய ஆய்வுகள் காட்டிவிட்டன. வழிகாட்டுதலும் மாறிவிட்டது. நான் இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். அதே கையால்தான் 'ரிப்பீட் ஆல்' எழுதியிருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எண்டோஸ்கோப்பியில் வயிற்றுப்புண் தெரிந்தது. ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். கிளினிக்கை நடத்தும் சீனியரிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவர் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஆஸ்பிரினை ஆரம்பித்த கையெழுத்து அவருடையது.

"நான் ப்ராக்டிஸ் ஆரம்பிச்சப்ப இத எழுதாதவன்தான் தப்பு பண்ணவன்," என்றார்.

2. என் புத்திசாலித்தனம்

அடுத்த நாளிலிருந்து ஒரு மாத்திரைப் பையையும் விடவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து, தேவையில்லாதவர்களுக்கு ஆஸ்பிரினை நிறுத்தினேன். ஒரு சிக்கல் இருந்தது. பலருக்கு மாத்திரையின் ஆங்கிலப் பெயர் தெரியாது, அட்டையின் நிறம்தான் அடையாளம். ஆகவே காலி அட்டையின் மேல் சிவப்பு மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"கடையில இதே மாதிரி குடுத்தா வாங்காதீங்க. இந்த அட்டைய காட்டுங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த கனகம்மாவுக்கும் ஒன்று கொடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. புது ஆய்வை எங்கள் ஊர் மேசைவரை கொண்டுவந்துவிட்டேன் என்று கல்லூரி நண்பர்களிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

3. பூக்கூடை

ஐந்து வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்கு, ஷேர் ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகையிலிருந்து வழக்கமாக அதை ஓட்டும் முனிரத்தினம், வேறொருவர் ஓட்டிவர, பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கூட இறங்கியவர் கனகம்மா, பூக்கூடையோடு.

"எங்க பாவாம்மா, அக்கா வூட்டுக்காரரு. நெஞ்ச அடைக்குதுன்றாரு."

ஈசிஜி எடுத்தேன். பார்த்தவுடன் தெரிந்தது, மாரடைப்பு.

"இதுக்கு முன்னாடி இருதயத்துக்கு ஏதாவது பண்ணியிருக்கா?"

"ஆங். ஸ்டென்ட் வெச்சிருக்குது. ரெண்டு வருசம் ஆவுது," என்றார் முனிரத்தினம்.

"மாத்திரை போடறீங்களா?"

"நிறுத்திட்டேங்க. நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு சொன்னாங்க."

அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. கனகம்மா பூவை ஒதுக்கி, கூடையின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். சிவப்புப் பெருக்கல் குறி. நான் போட்டது.

"எனக்கு ஆவாததுதான அவருக்கும் ஆவாது? ரெண்டும் ஒரே அட்டை, வெச்சுப் பாத்தோம். நீ சொன்னதத்தாம்மா நான் சொன்னேன்."

அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு, அது மறுபடி அடைக்காமல் அந்தச் சின்ன மாத்திரைதான் காவல். புதிய ஆய்வுகள் அதை மாற்றவில்லை. முன்னூறு மில்லிகிராம் ஆஸ்பிரினை அவர் வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னேன். ஆம்புலன்ஸ் எண்ணை நான் இரண்டு முறை தப்பாக அழுத்தியதை அவர் பார்த்துவிட்டார்.

"பயப்படாதம்மா," என்றார். நெஞ்சுவலிக்காரர் எனக்குத் தைரியம் சொன்னார்.

ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினோம். "நிறுத்தாட்டியும் அடைச்சிருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது," என்றார் சீனியர். மருத்துவப்படி அது சரி.

4. திரும்பி வந்தபோது

முனிரத்தினம் பிழைத்தார். இதயத்தின் பம்பிங் குறைந்துவிட்டது, ஆட்டோ ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேறொருவர் ஓட்டிய ஆட்டோவில் கனகம்மாவோடு வந்து, புது அட்டையை மேசையில் வைத்தார்.

"இதுலயும் ஏதாச்சும் எழுதிக் குடு டாக்டரம்மா. எங்க ஊர்ல நாலு பேரு பாப்பாங்க."

சிவப்பு மார்க்கரை எடுக்கக் கை வரவில்லை. பேனாவால் ஒரு துண்டுத்தாளில் எழுதி அட்டையோடு பின் அடித்தேன்: 'முனிரத்தினம். ஸ்டென்ட் உள்ளது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.' கனகம்மாவின் பழைய அட்டையை வாங்கி, அதிலும் அவர் பெயரோடு 'வயிற்றுப்புண், ரத்தக்கசிவு. இவருக்கு மட்டும் வேண்டாம்' என்று எழுதித் தாள் சேர்த்தேன். இன்றுவரை பெயரும் காரணமும் எழுதாமல் எந்த மாத்திரையையும் நான் நிறுத்துவதில்லை.

புதிதாக வரும் பயிற்சி டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆய்வு யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதும் முடிவோடு சேர்ந்தது. அதை மேசையிலேயே விட்டுவிட்டு முடிவை மட்டும் பேஷன்ட் கையில் கொடுத்தனுப்பாதீர்கள்.

அன்று கனகம்மா இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப எனக்கு வாணாம், பாவாக்கு வோணும். ஒரே மாத்திரதான?"

"ஒரே மாத்திரைதான். இருதய நோய் ஏற்கெனவே வந்தவங்களுக்கு மட்டும் வேணும்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.