பெரியப்பாவின் சலங்கை

பெரியப்பாவின் காலில் சலங்கை கட்டியது என் யோசனை. ஏழாம் வகுப்பில் அறிவியல் பாடம் எனக்கு ஒருத்திக்குத்தான் புரிகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த வருஷம் அது. எதைப் பார்த்தாலும் அதில் ஒரு கருவி செய்யலாமா என்று கை துறுதுறுக்கும்.

பெரியப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு ஏலம் கூறியவர். அவர் குரலெடுத்தால் தேரடியில் போகிற மாடு நின்று திரும்பிப் பார்க்கும் என்பார் அப்பா. பக்கவாதம் அந்தக் குரலைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. கூடவே வலது கையையும் வலது காலையும். பெரியம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து தோட்டத்து அறையில் வைத்துக்கொண்டோம்.

"காலையும் சாயங்காலமும் நடக்கணும். காலை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்கணும். நடக்கிறாரான்னு பாத்துக்கிட்டே இருங்க. இந்தச் சில மாசத்துல விட்டா அப்புறம் கால் வராது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கம் அப்பாவின் வாடகை சைக்கிள் கடை, நடுவில் சமையலறை, கடைசியில் கிணறும் தோட்டமும். அப்பா பாதி ஒட்டிய பஞ்சரோடு ஓடிவருவார். அம்மா அடுப்பை விட்டுவிட்டு வருவாள். வந்ததற்கு மண்டி விலையையோ, அப்பாவைப் பற்றிய புகாரையோ சொல்லிக்கொண்டே கூட நடப்பார்கள். பெரியப்பா பாதி வாயால் சிரிப்பார்.

ஒருநாள் பால் பொங்கி அடுப்பே அணைந்துபோயிற்று. "எத்தினி நாளைக்குத்தான் ஆள் மாத்தி ஆள் நிக்கிறது?" என்று அம்மா கலங்கினாள்.

நான் கடைக்கு ஓடினேன். கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தையில் அப்பா வாங்கி, அழகுக்குத் தொங்கவிட்டிருந்த சலங்கை வாரிலிருந்து சில மணிகளைக் கழற்றினேன். பழைய டியூபில் பட்டை வெட்டிக் கோத்தேன். வலது காலைத் தூக்கி வைத்தால் 'ஜல்' என்று விழும். இழுத்தால் 'ஜர்' என்று தேயும். அடுப்படியில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடலாம்.

"ஏன்டீ, ஆம்பளைக்குச் சலங்கையா? யாராச்சும் பாத்தா சிரிக்க மாட்டாங்க?" என்றாள் அம்மா.

"தோட்டத்துல யாரும்மா பாக்கப் போறாங்க?"

பெரியப்பா காலை நீட்டிக் கொடுத்தார். முதல் ஜல்லுக்கு அவரே சிரித்துவிட்டார். அப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு மூளையப் பாருங்க" என்றார். கடையிலிருந்தே "கேக்குதா?" என்று குரல் கொடுப்பார். "கேக்குது, கேக்குது" என்பாள் அம்மா. நான் வீட்டுப்பாடத்திலிருந்து தலை நிமிராமலே ஜல் எது, ஜர் எது என்று பிரித்துச் சொல்வேன். தோட்டத்துக்கு யாரும் போகவேண்டிய அவசியமே இல்லை.

கொஞ்ச நாளில் சலங்கை நின்று நின்று ஒலிக்க ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெரியப்பா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் எழுந்துவிடுவார். கூட நடந்தால் காலை அழகாகத் தூக்கி வைப்பார். நான் அடுப்படிக்குத் திரும்பினால் சத்தம் நின்றுவிடும். மறுபடி ஓடுவேன்; மறுபடி எழுவார். கோளாறு சலங்கையில்தான் என்று முடிவுகட்டிப் பட்டையை மாற்றிக் கட்டினேன்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணா, ஆளு நின்னா நடக்குறீங்க, திரும்புனா உக்காந்துக்குறீங்க. சின்னப் புள்ளையா நீங்க? காலு போச்சுன்னா யாரு தூக்கிக்கினு திரியறது?"

பெரியப்பாவின் வாய் கோணிக்கொண்டு அசைந்தது, சொல் வரவில்லை. இடது கையால் கல்லில் தன் பக்கத்து இடத்தைத் தட்டினார்.

"கல்லு சுடுதாம்ப்பா" என்று நான் விளக்கம் சொன்னேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு சலங்கை நிற்கவில்லை. காலையும் சாயங்காலமும் கடிகாரம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. தெருவில் போகிற குதிரை வண்டிச் சத்தம்போல அதுவும் ஒன்று.

ஒரு சாயங்காலம் ஜல், ஜல் என்று அது கிட்டே வந்தது. தோட்டத்துப் படி உயரம். அதுவரை இரண்டு பேர் பிடித்துத்தான் அவரை ஏற்றியிருக்கிறோம். நானும் அம்மாவும் நிமிர்ந்தபோது பெரியப்பா தனியாக ஏறிவந்து, சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் வேர்வை. என் பக்கத்தில் கிடந்த மணைப்பலகையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அய்யோ, படியேறி வந்துட்டீங்களா மாமா!" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். "இன்னும் நேரம் இருக்குதே, போய் நடந்துடுங்க. நல்லாயிட்டு வர்றப்ப வுட்டுடக் கூடாது."

"எறங்கறப்ப வலது காலு மொதல்ல, பெரியப்பா" என்றேன் நான்.

அவர் மணைப்பலகையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு திரும்பினார். படியிறங்கும்போதும், கிணற்றைச் சுற்றிப் போகும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டேன். ஒரு ஜர்கூட இல்லை.

"சரியாயிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன்.