சிவப்பு வண்டிக்குள் இறக்கப்பட்டவர்

ரோஸ்மேரி சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தவள். பஞ்சுத்தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவே தையலை விட்டு, நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தாள். அதன்பின் வீட்டோடு தங்கிப் பார்க்கும் வேலைதான்.

அப்படி அவள் பார்த்துக்கொண்ட மாதவன் ஒரு நிட்டிங் கம்பெனி முதலாளி. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. பிசியோதெரபிக்கு அவரை வீட்டு எஸ்யூவியில் கூட்டிப்போவாள். அதன் சீட்டும் சக்கர நாற்காலியும் ஏறக்குறைய ஒரே உயரம். இடுப்பைப் பிடித்து ஒரு நகர்த்து நகர்த்தினால் ஆள் உள்ளே. அப்படிப் போய்ப் போய்த்தான் வலது பாதம் தரையில் ஊன்ற ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில் மகன் நித்தீஷ் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். எஸ்யூவியை விற்கப்போவதாகவும் சொன்னான்.

“நாலு செகண்டுல நூறு தொடுமுங்கக்கா. அந்த எருமை தொடுமா?”

“அந்த எருமைல அய்யாவும் நாற்காலியும் நானும் போறோம்லா தம்பி. இதுல நாற்காலிய எங்க வைக்க, என் தலையிலயா? வண்டிய வித்தா அய்யா நடக்கமாட்டாரு.”

நித்தீஷ் சிரித்தான். “சரிங்கக்கா. பூஜையன்னிக்கு அப்பா ஸ்டியரிங் முன்னால உக்காரோணும். போட்டோ நல்லா வந்துச்சுன்னா எருமை இருக்கட்டும்.”

புது வண்டியில் முதலில் வீட்டுப் பெரியவர் உட்காருவது அவர்கள் வழக்கம். அவ்வளவு தாழ்ந்த சீட்டிலிருந்து அவரை எழுப்புவது சிரமம் என்று தெரிந்தும் ரோஸ்மேரி ஒத்துக்கொண்டாள்.

பூஜையன்று சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். நித்தீஷ் அப்பாவின் வேட்டியைப் பார்த்து முகம் சுளித்தான். “டயபர் புடைச்சுத் தெரியுது. கழட்டுங்கக்கா.”

“இப்பத்தான் இளநி குடிச்சாரு தம்பி.”

“அஞ்சு நிமிசந்தானுங்க.”

கழற்றினாள். இரண்டு பேர் மாதவனைக் கிணற்றில் இறக்குவதுபோல வண்டிக்குள் இறக்கினார்கள். முழங்கால் நெஞ்சில் முட்டியது. மாலை போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, படம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். “போதும், தூக்குங்க” என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சிறுநீர் வேட்டியை நனைத்துச் சீட்டில் ஓடியது.

“மாப்ளே, வண்டிக்கு வாட்டர் சர்வீஸ் ஆயிருச்சு!” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

“யாரு டயபரக் கழட்டுனது?” நித்தீஷ் கத்தினான்.

“நீங்கதான சொன்னிய.”

“நான் எங்க சொன்னேன்? அப்பா, நீங்களே காட்டுங்க. யாரு தப்பு?”

மாதவன் மகனைப் பார்த்தார். பிறகு இடதுகை மெல்ல எழுந்து ரோஸ்மேரியைக் காட்டியது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. நாளைக்கு அந்த வீட்டில் இருக்கப்போவது அவர். அக்குளைப் பிடித்து இழுக்க வந்தவனைத் தள்ளிவிட்டு, தானே குனிந்து அவரை வெளியே எடுத்தாள். குளிப்பாட்டி, துணி மாற்றி, படுக்கவைத்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் அவளைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

எஸ்யூவி விற்றுப்போனது. பிசியோக்காரரை வீட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து, அவள் இடத்துக்கு வந்த நிர்மலா போன் செய்தாள். “அக்கா, காலு மடங்கியே கெடக்குதுங்க. நீட்டுனா கத்துறாருங்க. என்ன பண்றது?”

“இனி நீட்டாத. அது மடங்குனது மடங்குனதுதான்” என்று சொல்லிவிட்டு, ரோஸ்மேரி தன் புது நோயாளிக்குக் கஞ்சி ஆற்றப் போனாள்.