அம்மா முகத்தில் இருந்த ஊசிகள்

ஜாவாவில் கிளாத்தன் வட்டாரத்துக் கல்யாண மேடைகளில் பாடிப் பிழைத்தவர் என் அம்மா தூமினி. கடைசி இரண்டு வருடங்கள் தலைவலியோடுதான் பாடினார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. எத்தனையோ முறை கூப்பிட்டேன்.

"போடி, மாத்திரை போதும். உன் மெஷினுக்கு வேற தலையப் பாரு" என்பார்.

ஒருநாள் மேடையிலேயே வலிப்பு வந்து விழுந்தார். நானே சி.டி. எடுத்தேன். முதல் படத்திலேயே கன்னங்களிலும் தாடையிலும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. சூசுக். முகக்களை குறையாமலிருக்க மந்திரவாதி தோலுக்கடியில் செருகும் தங்க ஊசிகள். அடுத்த படங்களில், நெற்றிக்குப் பின்னால் ஆரஞ்சுப் பழ அளவில் கட்டி. மூளையின் உறையில் மெதுவாக வளர்வது. சிறிதாக இருந்தபோதே வந்திருந்தால் சுலபமாக எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர்.

கண் விழித்த அம்மா கட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஊசியப் பாத்துட்டியா?"

"பாத்தேன். இதுக்காகவா வராம இருந்தே?"

"உங்க அத்தை ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவ. இந்தப் பாவம் தெரிஞ்சா, நான் செத்தா என் மையத்தக் குளிப்பாட்டக்கூட வரமாட்டா. சொல்லிடாதடி."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.

அத்தை வந்தார். அம்மாவின் கன்னங்களைத் தடவித் தடவிக் கழுவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறியே, பெத்தவளுக்கு ஒரு படம் எடுக்கத் தோணலயா ஒனக்கு?"

"நேரம் கிடைக்கல அத்தை" என்றேன்.