அத்தை கண்டெடுத்த எலும்பு

என் களக் குறிப்பேட்டில், அரியலூர்ப் பக்கத்துச் செம்மண் பள்ளத்துக்குப் போன நாளின் பக்கம் இப்படி இருக்கிறது:

1. காலை ஏழு மணிக்குப் பள்ளத்தில் இறங்கினோம். மாணவர் பதினாறு பேர், பேராசிரியர், அத்தை.
2. பத்து மணிவரை அத்தை குடையை மடக்கவில்லை.
3. பதினொரு மணிக்கு எலும்புத் துண்டு ஒன்று. கண்டெடுத்தவர்: அத்தை. இப்போது இருப்பது: என்னிடம்.

‘என்னிடம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘இருந்த இடத்தில்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த அடித்தல் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் நிலவியல் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். துணைக்கு வீட்டுப் பெண்மணி ஒருவர் வந்தால்தான் களப்பயணத்துக்கு அழைத்துப்போவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். களப்பயணம் போகாமல் தேர்வு எழுத முடியாது. அம்மாவுக்குப் போடியிலிருந்து தேனி போவதற்குள்ளேயே பஸ்ஸில் தலை சுற்றும். ஆகவே அப்பாவின் அக்கா கிளம்பினார். நான் படிப்பதில் வீட்டிலேயே சம்மதமில்லாத ஒரே ஆள் அவர்தான். அப்பா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “அக்கா நேர்ல பாத்துட்டு வரட்டும். அவுக சரின்னு சொன்னாகன்னா படி. இல்லைன்னா இந்த வருசத்தோட நிப்பாட்டிக்கிருவோம்.”

அத்தைக்குப் போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலை. எதிரே குவியல், மடியில் முறம். வெடித்த காய், பூச்சி அரித்த காய், சுருங்கிய காய், தவறி வந்த கல் என்று விரல்கள் தனித்தனியே தள்ளிக்கொண்டிருக்கும். வாய் பக்கத்திலிருப்பவளிடம் கதை பேசிக்கொண்டிருக்கும். மாலையில் வெளியே வரும்போது, காய் ஒன்றும் எடுக்கவில்லை என்று ஒவ்வொருத்தியும் வாசலில் மடியை உதறிக் காட்ட வேண்டும். அதில் அத்தைக்கு வருத்தமே இல்லை. “உதறிட்டா நம்ம பாட்டுக்கு நிமிந்து நடக்கலாம்ல” என்பார்.

தேனிப் பக்கம் எங்கே நின்றாலும் பூமி மேலே எழுந்து பச்சையாக நிற்கும். அந்தப் பள்ளத்திலோ அது கீழ்நோக்கிப் பிளந்து, சிவப்பும் மஞ்சளுமாக வரிவரியாகக் கிடந்தது. மழை அறுத்துவிட்ட ஓடைகள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பாதுகாக்கப்பட்ட இடம், கல் எடுக்கக் கூடாது என்று வாசலில் பலகை இருந்தது. முன்பு இங்கே கடல் இருந்தது, கரையில் டைனோசர்கள் திரிந்தன என்றார் பேராசிரியர்.

“இங்கன கடல் கிடந்துச்சாக்கும்” என்றார் அத்தை குடைக்கடியிலிருந்து. “பெறகு எங்கன போச்சாம்?”

கல்லாகிப்போன எலும்பை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நாக்கில் வைத்தால் அதன் நுண்துளைகள் ஈரத்தை இழுக்கும், எலும்பு ஒட்டிக்கொள்ளும். பேராசிரியர் செய்து காட்டியதும் பதினாறு பேரும் ஆளுக்கொரு கல்லை நக்கிக்கொண்டு நின்றோம்.

“ஏத்தா, கல்லை நக்கத்தான் உன்னய மதுரைக்கு அனுப்புனமா? ஊருல போயி நான் என்னன்னு சொல்ல?”

பையன்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வீட்டில் அவர் சொல்லப்போவது எனக்கு அப்போதே கேட்டுவிட்டது.

வெயில் ஏறியதும் ஓர் ஓடையின் அடியில், மழை ஒதுக்கிய பொடிக்கற்களுக்குப் பக்கத்தில் அத்தை உட்கார்ந்தார். சும்மா இருக்கும் விரல்கள் அல்ல அவை. சற்று நேரத்தில் அவர் முன்னால் மூன்று சிறு குவியல்கள் இருந்தன: தோட்டா போல நீண்டவை, சிப்பிச் சில்லுகள், வெறுங்கற்கள். ஒரு பழுப்புத் துண்டு மட்டும் உள்ளங்கையிலேயே இருந்தது.

“இது எதுலயும் சேரலத்தா. கல்லு கனம் இல்ல. உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கு.”

வாங்கி நாக்கில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. பேச முடியாமல் கையை ஆட்டிப் பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் லென்ஸில் வெகுநேரம் பார்த்துவிட்டு, டைனோசர் எலும்பேதான் என்றார். காலையிலிருந்து நாங்கள் தேடியது அதைத்தான்.

“கொண்டா” என்று வாங்கி அத்தையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். நாக்கில் எலும்பு தொங்க, அத்தனை பேர் நடுவில் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குறித்துக்கொண்டு அங்கேயே வைத்துவிடச் சொன்னார் பேராசிரியர். குறித்தேன். மூன்று மணிக்கு எல்லோரும் முன்னால் நடந்ததும், எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். படிப்பு இதோடு நின்றால் இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதையும் பட்டியலில் எழுதினேன். எழுதாமல் எதையும் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

வாசலில் காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரையும் சோதிக்கவில்லை. அத்தை மட்டும் அவர் முன்னால் நின்று மடியை உதறினார்.

“எதுக்கும்மா இது?”

“பழக்கம்யா” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “பை கனக்குதாத்தா?”

திரும்பி ஓடினேன். ஓடையின் அடியில் மூன்று குவியல்களும் அப்படியே இருந்தன. துண்டை அவற்றின் பக்கத்தில் வைத்தேன். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் வரும்வரை அத்தை ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, பஸ்ஸைக் கிளம்பவிடாமல் நின்றார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் குறிப்பேட்டை எடுத்து ‘என்னிடம்’ என்பதை அடித்தேன்.

மறுநாள் காலை வீட்டில் அப்பா கேட்டபோது, நான் படிப்பைத் தொடர ஐந்து காரணங்களை வரிசையாக எழுதிக்கொண்டு கதவருகே நின்றிருந்தேன்.

“பதினஞ்சு பயலுகளோட வெயில்ல நின்னு கல்லை நக்குறா, தம்பி” என்றார் அத்தை. அப்பா முகம் சுருங்கியது. “படிக்கட்டும். நம்ம கிட்டங்கி வேலைதான், குவியல்தான் பெருசு. ஒண்ணே ஒண்ணு எடுத்தா. அதையும் ஓடிப்போயி வச்சுட்டு வந்துட்டா.”

எதை எடுத்தாள் என்று கேட்டார் அப்பா. அத்தை காபியை ஆற்றிக்கொண்டே, “எலும்பு” என்றார்.

இருபது வருடமாகக் கம்பம் பள்ளத்தாக்கில் கிணறுகளுக்கு இடம் பார்த்துச் சொல்வது என் வேலை. ஓடைப்பட்டித் தோட்டங்களில் ஜீப்பை விட்டு இறங்கினால், ஆண் ஆபீசர் யாராவது பின்னால் வருகிறாரா என்று இன்னும் சிலர் எட்டிப் பார்க்கிறார்கள். நான் சொன்ன இடத்தில் தண்ணீர் கண்டவர்கள் பார்ப்பதில்லை. அத்தைக்கு முழங்கால் வலி, கிட்டங்கிக்குப் போவதில்லை. கண் நன்றாகத் தெரிகிறது. குறிப்பேடு என் மேசையில் இருக்கிறது. மழைகள் அந்தத் துண்டைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கும். ஆனாலும் அது பள்ளத்தில்தான் இருக்கிறது, நான் வேலையில் இருக்கிறேன்.